எல்லைப்புறக் குழந்தையும் மனோதத்துவப் பரீட்சையும்

ஆந்திரத்தின் தமிழக எல்லையை ஒட்டிய சித்தூரிலும் திருப்பதியிலும், அவற்றைச் சுற்றியுள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு, பலமநேர், குப்பம் முதலிய ஊர்களிலும் பிறந்து வளரும் குழந்தைகளில் பலர் பள்ளிக்கூடத்து வாயிலை மிதிப்பதற்கு முன்பே இரண்டு மொழிகளுக்குக் காது கொடுத்துப் பழகிவிடுகிறார்கள் என்பதும், வாயிலைத் தாண்டிய மறுகணமே மூன்றாவது மொழி ஒன்றில் தங்கள் புத்தியை நிரூபித்துக்காட்ட வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறார்கள் என்பதும் அந்தப் பிராந்தியத்தை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. வீட்டில் தமிழ், தெருவிலும் சந்தையிலும் தெலுங்கு, புத்தகத்தில் ஆங்கிலம் என்ற இந்த ஏற்பாட்டில் பெரும்பாலான குழந்தைகள் எப்படியோ தட்டுத்தடுமாறித் தேறிவிடுகிறார்கள். தேறாமல் நின்றுவிடும் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை. மூன்றாம் வகுப்பை முடித்தும் ஒரு வாக்கியத்தை முழுமையாக வாசிக்க இயலாத சிறுவனும், ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் அமராத சிறுமியும், நேற்று வரை நன்றாகப் படித்துவந்து இன்று காரணமின்றிச் சுருண்டு படுத்துவிடும் பருவப் பிள்ளையும் அந்தச் சிலரில் அடக்கம்.

அத்தகைய குழந்தையைக் கண்டதும் தமிழ்ப் பள்ளியானால் 'மக்கு' என்றும், தெலுங்குப் பள்ளியானால் 'மொத்து' என்றும் ஒரு பட்டம் சுலபமாக வந்து விழுகிறது. வீட்டிலோ 'திமிர்' என்கிறார்கள், 'விளையாட்டுப் புத்தி' என்கிறார்கள். பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழித்துப் பார்க்கிறாள். இவர்கள் எல்லாரும் சொல்வது அபிப்பிராயமே அன்றி நிர்ணயம் அல்ல. குழந்தைக்குக் கண் மங்கலா, காது மந்தமா, அறிவு வளர்ச்சி பொதுவாகவே தாமதமா, அறிவு நன்றாக இருந்தும் எழுத்தை ஒலியாக மாற்றும் ஆற்றலில் மட்டும் தடையா, கவனம் நிலைக்காத சுபாவமா, மனத்துக்குள் ஏதேனும் துயரமா, அல்லது இவற்றில் ஒன்றுமே இல்லாமல் பாடம் நடக்கும் மொழிதான் விளங்கவில்லையா என்று பிரித்தறிவதற்கு ஒரு முறை வேண்டியிருக்கிறது. அந்த முறையே மனோதத்துவப் பரீட்சை. அதன் பெயரைக் கேட்டதும், 'என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?' என்று பதறுகிறவர்கள் உண்டு. அதில் கிடைக்கும் எண்ணைத் தலையெழுத்து என்று எண்ணி மனமொடிந்துபோகிறவர்களும் உண்டு. இரு சாராரும் பரீட்சையின் நோக்கத்தை அறியாதவர்களே. குழந்தைக்கு எந்த உதவி தேவை என்று கண்டறிவதற்காக, குழந்தைக்கு விளங்கும் மொழியில் நடத்தப்படும்போதுதான் அது பரீட்சை என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது என்பதே இங்கே வற்புறுத்த விரும்பும் கருத்து.

பாரிஸிலிருந்து அலகாபாத் வரை

கட்டாயக் கல்வி அமலுக்கு வந்த பிரான்ஸ் தேசத்தில், வகுப்போடு ஒட்டி முன்னேற இயலாத குழந்தைகளை என்ன செய்வது என்ற பிரச்னை எழுந்தபோது, அந்நாட்டுக் கல்வி அமைச்சு 1904-ல் ஒரு குழுவை நியமித்தது. அந்தப் பணியின் பயனாக, ஆல்பிரெட் பினே என்ற மனோதத்துவ அறிஞரும் தியோடோர் சீமோன் என்ற இளம் மருத்துவரும் 1905-ல் முப்பது சிறு பணிகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடாமல், விசேஷக் கவனம் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் கண்டு, அவர்களுக்கென்று தனிப் போதனை அளிப்பதே பினேயின் உத்தேசம். அறிவு பிறவியிலேயே நிர்ணயிக்கப்பட்டு மாறாமல் நிற்பது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. பயிற்சியால் அது வளரும் என்று உறுதியாக நம்பினார். ஆனால் 1911-ல் அவர் மறைந்த பிறகு, அமெரிக்காவில் அதே அளவுகோல் வேறு கைகளுக்குப் போயிற்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916-ல் அதைத் திருத்தி வெளியிட்டு, ஐ.க்யூ. என்ற அறிவளவு எண்ணை உலகெங்கும் பரப்பினார். கப்பலில் வந்திறங்கிய அயல்நாட்டு ஏழைகளை, அவர்கள் அறியாத மொழியிலும் பழகாத சூழலிலும் சோதித்து, மந்தபுத்திக்காரர் என்று முத்திரை குத்தும் அவலமும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. உதவிக்காகப் பிறந்த கருவி ஒதுக்குவதற்கான கருவியாக மாறிய இந்த வரலாறு, பரீட்சையைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கையாக இருக்கத்தக்கது.

நம் தேசத்தில் இந்த வேலை தொடங்கியபோது, மொழிப் பிரச்னையே முதலில் எதிர்ப்பட்டது. லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் என்பவர் 1920-களில் பினே அளவுகோலை ஹிந்துஸ்தானிக்குக் கொண்டுவந்தார். வி. வி. காமத் அதைக் கன்னடம், மராத்தி ஆகிய மொழிகளின் குழந்தைகளுக்குப் பொருத்தி அமைத்து, 1940-ல் நூலாகவும் வெளியிட்டார். 'பினே-காமத் டெஸ்ட்' என்ற பெயரில் அது இன்றும் நம் மருத்துவமனைகளில் புழங்கிவருகிறது. அலகாபாத்தில் மனோதத்துவ நிலையத்தின் தலைவராக இருந்த சி. எம். பாட்டியா, இந்தியக் கிராமத்துச் சிறுவனிடம் எழுத்தறிவை எதிர்பார்த்துக் கேள்வி கேட்பது நியாயமாகாது என்று கருதி, கட்டைகளை அடுக்குதல், தட்டில் துண்டுகளை நகர்த்துதல், உருவம் வரைதல், கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல், படத் துண்டுகளை இணைத்தல் என்று ஐந்து வகை வேலைகளால் ஆன ஒரு தொகுதியை உருவாக்கி 1955-ல் வெளியிட்டார். படித்த சிறுவர்களுக்கும் எழுத்தறியாத சிறுவர்களுக்கும் தனித்தனி அளவுகளை அவர் வகுத்தது அந்நாளில் பெரிய காரியம். நாகபுரியில் பணியாற்றிய ஏ. ஜே. மாலின், அமெரிக்க வெக்ஸ்லர் அளவுகோலை 1960-களில் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றி அமைத்தார். 'மிசிக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பரீட்சை ஆறு முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. சொல்லால் விடை கூறும் ஆறு பகுதிகளும், கையால் செய்துகாட்டும் ஐந்து பகுதிகளும் அதில் உண்டு.

திருப்பதிக்கும் இந்தத் துறையில் ஒரு பங்கு உண்டு. 1954-ல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவர பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை அமைந்து, அங்கே பேராசிரியராக இருந்த எஸ். நாராயண ராவ் ஆலோசனை உளவியலைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் நாடு முழுவதும் கல்லூரிகளில் பாடநூலாகப் பயின்றுவரலாயிற்று. சித்தூர் மக்களுக்கோ வேலூர் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாவதற்கு முன் இரண்டும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தவை அல்லவா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பாகாயம் மனநல மையம் 1957 முதல், நோயாளியைத் தனியே அடைத்துவைக்காமல் குடும்பத்தினரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறைக்குப் பெயர்பெற்றது. மேற்கே பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிலையம் இருக்கிறது. ஆக, எல்லைப்புறத்துக் குழந்தை தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழி நகரங்களில் எதற்கு வேண்டுமானாலும் பரீட்சைக்குப் போக நேரலாம். போகும் ஊரை ஒட்டிப் பரீட்சையின் மொழியும் மாறிவிட வாய்ப்பு உண்டு.

அறைக்குள் நடப்பது

பரீட்சை என்றதும் ஊசியும் மின்சாரக் கம்பியும் கண்முன் வருகின்றன போலும். அறைக்குள் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு மேசை, எதிரெதிராக இரு நாற்காலிகள், ஒரு நேரமானி, சில மரச் சாமான்கள், அச்சிட்ட தாள்கள் ஆகியவைதான். மூன்று நான்கு வயதுக் குழந்தையானால், பெரும்பாலும் 'சேகுவின் பலகை' முன்னால் வைக்கப்படும். வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து வடிவப் பள்ளங்கள் உள்ள மரப்பலகை அது. அவற்றில் பொருந்தும் பத்துக் கட்டைகளும் எடுத்துக் குவிக்கப்பட, குழந்தை அவற்றை எவ்வளவு விரைவில் இடம் பார்த்துப் பொருத்துகிறது என்று மூன்று தடவை நேரம் குறிக்கிறார்கள். தேர்ந்த பரீட்சகர் நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. நட்சத்திரத்தைச் சதுரப் பள்ளத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறதா, ஒரு முறை தவறியதும் திருப்பிப் பார்க்கிறதா, இரண்டாம் தடவை முதல் தடவையில் கற்றதைப் பயன்படுத்துகிறதா, தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை வைக்கிறதா என்பவற்றையெல்லாம் ஓரத்தில் குறித்துக்கொள்கிறார். எண் ஒன்றே கிடைத்தால் அது பாதி அறிக்கை. எப்படிச் செய்தது என்பது மற்றப் பாதி.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பக்கங்கள் அமைந்த கட்டைகளைக் கொடுத்துப் படத்தில் உள்ள கோலத்தை உண்டாக்கச் சொல்வதும், எண்களைச் சொல்லிக் கேட்டு முன்னிருந்தும் பின்னிருந்தும் திருப்பிச் சொல்லச் சொல்வதும், இரு பொருள்களுக்குள் உள்ள ஒற்றுமையைக் கேட்பதும் உண்டு. அதோடு பெற்றோரிடம் தனியே ஒரு விசாரணை நடக்கும். தானே உண்கிறானா, பொத்தான் போட்டுக்கொள்கிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா, தெருவைத் தனியே கடக்கிறானா என்று வயதுவாரியாகக் கேட்கும் வைன்லேண்டு அளவுகோலின் இந்தியப் பதிப்பையும் மாலினே ஆக்கித் தந்திருக்கிறார். ஐ.க்யூ. எழுபதுக்குக் கீழே இருப்பது மாத்திரம் அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகிவிடாது; அன்றாடக் காரியங்களிலும் அதே தளர்ச்சி காணப்பட வேண்டும் என்பதால்தான் இந்த விசாரணை. மேலும், நூறு என்பது சராசரியாக வைத்துக் கணக்கிடப்படும் இந்த எண், ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் சில புள்ளிகள் ஏறவும் இறங்கவும் கூடியது. ஜுரம் விட்ட மறுநாள், விடியற்காலை பேருந்தில் புறப்பட்டு வெறும் வயிற்றோடு வந்த குழந்தையிடம் பெற்ற எண்ணை அதன் அறிவின் அளவாகக் கொள்வது அநியாயம். தையற்காரர் அளவெடுப்பது சட்டை தைப்பதற்காகவே. அளவைச் சொல்லி ஆளை எடைபோட அல்ல.

எழுத்து ஏறாத பிள்ளை

அறிவு சாதாரணமாக இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ வயதுக்குத் தக்க தேர்ச்சி வராமல் நிற்பதைக் கற்றல் குறைபாடு என்கிறோம். வாசிப்பில் தோன்றும் தடைக்கு டிஸ்லெக்ஸியா என்ற பெயர் நம் பெற்றோர்களுக்கும் ஓரளவு பழகிவிட்டது. பள்ளிப் பிராயக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு ஏதேனும் ஒரு வகைக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்பது உலகளவில் கூறப்படும் மதிப்பீடு. இதைக் கண்டறிய நிம்ஹான்ஸில் மாளவிகா கபூரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பரீட்சைத் தொகுதியே நாட்டில் பெரும்பாலும் கையாளப்படுகிறது. ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஒரு படியும், எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு மற்றொரு படியும் அதில் உண்டு. கவனம், பார்த்து வரைதல், கேட்டதையும் பார்த்ததையும் நினைவில் நிறுத்துதல், வாசித்தல், பொருளுணர்தல், எழுத்துப்பிழை, கணக்கு என்று பலவும் சோதிக்கப்படுகின்றன.

எல்லைப்புறத்தின் விசேஷச் சிக்கல் இங்கேதான் கூர்மையாகிறது. நகரியில் தறி ஓட்டும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஒன்பது வயதுச் சிறுவன் தெலுங்கு வழியில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் ஒரே ககரம் இடத்துக்குத் தக்கவாறு வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். தெலுங்கிலோ அந்த ஒலி வேறுபாடுகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. மூச்சு அழுத்தி ஒலிப்பதற்கு வேறு எழுத்துகளும் உண்டு. வீட்டில் அந்த வேறுபாட்டைப் பொருள் மாற்றமாகக் கேட்டறியாத சிறுவன், சொல்வதை எழுதும்போது ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவைக்கிறான். அதைக் கண்டவுடன் டிஸ்லெக்ஸியா என்று தீர்ப்பளிப்பது பிழை. அது அவனுடைய தாய்மொழி அவன் விரல் வழியே பேசுவதாகும். மாறாக, தமிழிலும் அவனுக்கு எழுத்துகள் கூடவில்லை, சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துச் சொல்லும்படி வாய்மொழியாகக் கேட்டாலும் திகைக்கிறான், பழகிய சொல்லைக்கூட ஒவ்வொரு முறையும் புதிதாகவே எதிர்கொள்கிறான் என்றால், அப்போது சந்தேகம் வலுவடைகிறது. ஆகவே அவனை இரு மொழிகளிலும் சோதிக்காமல் ஒரு முடிவுக்கும் வருவதற்கில்லை.

இதற்குத் துணையாக ஓர் ஆராய்ச்சி முடிவும் உண்டு. பெங்களூரில் சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள், கூட்டெழுத்துகள் நிறைந்த நம் லிபிகளை முழுவதும் வசப்படுத்திக்கொள்ள நாலாம் ஐந்தாம் வகுப்பு வரை ஆகிறது என்று காட்டின. இருபத்தாறு எழுத்துகளோடு முடிந்துவிடும் ஆங்கிலத்துக்கு வகுத்த கால அளவைத் தெலுங்குக் குழந்தையின்மேல் சுமத்தினால், ஆரோக்கியமான குழந்தையும் குறையுள்ளதாகத் தோன்றும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நந்தினி சட்டர்ஜி சிங் தலைமையில் உருவான 'டாலி' என்ற பரீட்சைத் தொகுதி, இந்திய மொழிகளுக்கென்றே டிஸ்லெக்ஸியாவைக் கண்டறியும் நோக்கோடு அமைந்தது இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியே. அண்மை ஆண்டுகளில் ஆந்திரத்தின் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி விரிந்திருப்பதால், இத்தகைய கருவிகளின் அவசியம் முன்னைவிட அதிகமாகிவிட்டது. மொழிகளின் பெருக்கம் அறிவுக்குத் தடை என்று எண்ணிவிடலாகாது. தெலுங்குக் குடும்பத்தில் திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் பயின்று, ஆங்கிலத்தில் உலகறிய எழுதிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இந்த எல்லை மண்ணின் மாணவரே.

நில்லாத கவனமும் சொல்லாத துயரமும்

கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த நிலையை ஏ.டி.எச்.டி. என்று குறிப்பிடுகிறார்கள். உலகளவில் குழந்தைகளில் நூற்றுக்கு ஐவர் அளவில் இது காணப்படுவதாகக் கணக்கு. இதை ரத்தப் பரீட்சையாலோ, படம் பிடித்தோ, ஒரே ஒரு தாளில் கேள்வி கேட்டோ உறுதிசெய்ய முடியாது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கட்டம் கட்டமாக அச்சிட்ட எண்களில் குறிப்பிட்ட எண்ணை மட்டும் அடித்துக்கொண்டே போகச் சொல்லும் பரீட்சையும் அதைப் போன்ற பிறவும் துணைச் சான்றுகளே. லக்ஷணங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி முதலியவற்றில் குறைந்தது இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும் என்பது மருத்துவ நியதி. அதனால்தான் தாய்க்கு ஒரு தாளும் ஆசிரியருக்கு ஒரு தாளும் தனித்தனியே கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். அறுபது பேர் நெருங்கி அமர்ந்த வகுப்பில் மட்டும் துறுதுறுவென்றிருந்து, வீட்டில் மணிக்கணக்காகப் பட்டம் ஒட்டும் பிள்ளைக்குக் குறை வகுப்பில் இருக்கலாம். இரவில் தூக்கமின்மை, ரத்தசோகை, காது மந்தம், வீட்டில் ஓயாத சண்டை ஆகிய ஒவ்வொன்றும் கவனக் குறைவின் வேஷத்தில் வரக்கூடியவை. இதற்கு நேர்மாறாக, சத்தமின்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெண் குழந்தை, தொந்தரவு தராத காரணத்தாலேயே யார் கண்ணிலும் படாமல் போய்விடுவதும் உண்டு.

மனத்துயரத்தை அளப்பதற்கும் கருவிகள் இருக்கின்றன. 2001-ல் வெளியான 'பி.எச்.க்யூ.-9' என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள், கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகம், தூக்கம், பசி, களைப்பு, குற்ற உணர்ச்சி முதலியவை எப்படி இருந்தன என்று கேட்கிறது; ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் மூன்று வரை மதிப்புக் கொடுத்துக் கூட்டினால், பத்தோ அதற்கு மேலோ வரும்போது டாக்டரைப் பார்ப்பது அவசியமாகிறது. வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்ற சாயல் தென்பட்டாலும், மொத்த மதிப்பு எதுவாயினும் அன்றே உரியவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். விடுதியில் தங்கி நுழைவுத் தேர்வுகளுக்காக விடிய விடியப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த திருப்பதி போன்ற நகரத்தில் இந்தத் தாளுக்கு மிக்க பிரயோஜனம் உண்டு. ஆயினும் நம் ஜனங்கள் மனத்துன்பத்தை மனத்துன்பம் என்று சொல்லிப் பழகியவர்கள் அல்லர். 'நெஞ்சு படபடக்குது', 'தலை பாரமா இருக்கு', 'கைகால் அசந்து போகுது' என்று உடம்பின் வழியாகவே சொல்லும் ஒரு தாயிடம், மொழிபெயர்த்த தாளை வாசித்துக் காட்டிவிட்டுச் சைபர் போட்டு அனுப்பினால் குற்றம் அவளுடையது அல்ல. கேள்வித்தாள் வாசலைத் திறக்கும். உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிறவர் மனிதராகவே இருக்க வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. கற்றல் குறைபாடும், ஆட்டிசமும், மனநோயும் அவற்றில் அடங்கும். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்துத் தக்க போதனை முறைகளை அளிப்பது கல்வி நிலையங்களின் கடமை என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, கண்ணும் காதும் சரியாக உள்ளன என்று குழந்தை மருத்துவர் உறுதிசெய்த பிறகு, அறிவுப் பரீட்சையும், அதில் எண்பத்தைந்துக்கு மேல் வந்தால் நிம்ஹான்ஸ் தொகுதியும் நடத்தி, எட்டு வயது முடிந்த குழந்தைக்குச் சான்றிதழ் அளிக்கலாம் என்றிருந்தது. பதினாலாம் வயதிலும் பதினெட்டாம் வயதிலும் மறு பரீட்சையும் அதில் விதிக்கப்பட்டிருந்தது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ளவர்களுக்குத் தேர்வில் மணிக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் கிடைக்கின்றன. ஆந்திரத்தில் இந்தச் சான்றிதழை ஜனங்கள் 'சதரம்' என்றே அழைக்கிறார்கள். மீ சேவா நிலையத்திலோ கிராம சச்சிவாலயத்திலோ பதிவு செய்துகொண்டு, குறித்த நாளில் அரசு மருத்துவமனை முகாமுக்குப் போக வேண்டும். மண்டலந்தோறும் உள்ள 'பவிதா' மையங்களில் விசேஷ ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பரீட்சை நடத்துகிறவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற உளவியலாளரா என்று கேட்டறியப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

அந்தக் கேள்வி எத்தனை முக்கியமானது என்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம். குழந்தையின் விரல் ரேகையைப் பதிவுசெய்து, அதிலிருந்து அதன் அறிவையும் எதிர்காலப் படிப்பையும் கணித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் பெறும் 'டி.எம்.ஐ.டி.' என்ற வியாபாரம் பள்ளிகளுக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. அதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. குழந்தையோடு ஒரு வார்த்தையும் பேசாமல் அதன் மனத்தை அறிந்துவிட்டதாகச் சொல்லும் எந்தப் பரீட்சையையும் நம்ப வேண்டாம்.

உண்மையான பரீட்சை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இதற்கு நல்ல முன்மாதிரி பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, ஒரு குழந்தையை மற்றொன்றோடு ஒப்பிடுவதை ஆயுள் முழுவதும் கண்டித்து வந்தவர். அவருடைய சிந்தனையில் எழுந்த ரிஷி வேலிப் பள்ளியின் கிராமக் கல்விப் பிரிவில், பத்மநாப ராவும் ராமாவும் தெலுங்குப் பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து ஓர் ஏணியாக அமைத்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறும். படிக்கொரு சிறு சோதனை. தவறினால் திட்டு இல்லை, அந்தப் படிக்கே உரிய வேறொரு பயிற்சி அட்டை. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் இந்த முறையைக் கண்டு கற்றதே. மனோதத்துவ அறிக்கையும் அந்தப் பயிற்சி அட்டையைப் போலவே செயல்பட வேண்டும். வெறும் எண்ணோடும் நோயின் பெயரோடும் முடியும் அறிக்கையைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளாமல், இவன் எதில் வல்லவன், எந்த மொழியில் சோதித்தீர்கள், நாளைக் காலை வீட்டில் நாங்கள் என்ன செய்வது, ஆசிரியர் என்ன செய்வது, எப்போது மறுபடி பார்ப்பது என்று கேட்டுப் பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருப்பதியிலும் குப்பத்திலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. உளவியல் பயிலும் மாணவர்களும் இருக்கிறார்கள். எல்லையோரத் தமிழ், தெலுங்குப் பள்ளிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இரு மொழிகளையும் ஒருங்கே பேசும் இந்தக் குழந்தைகளிடமிருந்தே அளவுகளைத் திரட்டி, இவர்களுக்கென்று வாசிப்புப் பரீட்சை ஒன்றை உருவாக்கித் தருவது அந்த ஸ்தாபனங்கள் செய்யத்தக்க தொண்டு. அது வரும்வரை பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படிப்பு ஏறாத பிள்ளையைத் திட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு தாமதமின்றித் தகுதியுள்ள உளவியலாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பேசும் மொழி எது என்பதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். மனத்துயரத்தில் உள்ளவர்களுக்காக 14416 என்ற இலவச டெலி-மானஸ் எண் நம் மொழிகளிலும் பேசுகிறது, அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதில் கண்டறிந்து கைகொடுத்தால் பள்ளியில் நிலைத்திருக்கும் பிள்ளைகளைப் பதினைந்து வயதில் படிப்பை விட்ட பிறகு தேடிப் பிடிப்பது வெகு கடினம்.